வரி நூற்றுப் பதின்மூன்று

16 நவம்பர் 2014, ஞாயிற்றுக்கிழமை
காலை 6.40 மணி

கடித எண்: 212
பொருள்: தங்கள் தங்கை எழுந்து நடந்தது குறித்து

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். பொருள் என்ற வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள். ஆம், நடந்துவிட்டாள். மகள் தொலைபேசியில் சொல்லியிருப்பாள். அவள் தேதிகளைக் குழப்புகிறவள் என்பதால் நான் முறைப்படி எழுதுகிறேன்.

மகளின் பிரசவத்துக்கு உதவ வந்த இடத்தில், 3ஆம் தேதி திங்கட்கிழமை உங்கள் தங்கை மாடிப்படியில் வழுக்கி விழுந்ததும், மறுநாள் இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்ததும் கடித எண் 211இல் உள்ளன. அதில் ஒன்றை மறைத்தேன், மன்னிக்கவும். 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை மருத்துவர் முன்னிலையில் அவள் பத்தடி நடக்க வேண்டும். தவறினால் நகரத்துக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை மட்டுமே பார்வையாளர் நேரம். 10ஆம் தேதி வரை அவள் கட்டிலைவிட்டு ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

இங்குள்ளோர் மொழி எங்கள் இருவருக்கும் தெரியாது. தெரிந்த மகளோ பச்சைக் குழந்தையோடு வீட்டில் இருக்கிறாள். மருத்துவமனையில் எனக்கு அனுமதி மாலை நான்கு முதல் ஆறு வரைதான். மற்ற இருபத்திரண்டு மணி நேரமும் உங்கள் தங்கைக்கும் செவிலியருக்கும் நடுவே இருந்தது ஒரு புத்தகம். பத்தொன்பது மொழிகளில் நோயாளியிடம் கேட்க வேண்டிய 112 கேள்விகள், வரிசை எண்ணுடன். தமிழ் 61ஆம் பக்கம். "தங்களுக்கு வலி உள்ளதா?" என்ற தமிழ் உச்சரிப்பைத் தன் மொழி எழுத்தில் குறித்து வைத்துக்கொண்டு அந்தச் செவிலிப் பெண் வாசிப்பாள். துறுதுறுவென்று நடமாடுவதால் உங்கள் தங்கை அவளுக்குச் 'சிட்டு' என்று பெயர் வைத்திருக்கிறாள். "சிட்டு கேக்கிறது ரயில் வருதுன்னு மைக்ல சொல்ற மாதிரியே இருக்குங்க" என்று ஒரே சிரிப்பு. சிரிக்கிறாளே, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நானும் ஏமாந்தேன்.

11ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, மாலை 4.20. அவள் கண்ணயர்ந்திருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் பதிவறையில் குப்பை கொட்டியவனுக்கு எந்த மொழிப் பதிவேடும் பதிவேடுதான். மொழி புரியவில்லை, கட்டங்கள் புரிந்தன. நேரம், வரி எண், பக்கத்தில் சரி அல்லது பெருக்கல் குறி. புத்தகத்தை விரித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். வரி 14, வலிக்கு மாத்திரை வேண்டுமா: பெருக்கல். வரி 22, இன்னும் கொஞ்சம் உணவு வேண்டுமா: பெருக்கல். வரி 37, எழுந்து நிற்க உதவட்டுமா: பெருக்கல். ஐந்து நாளில் முப்பத்தோரு கேள்விகள், இருபத்தொன்பது பெருக்கல். சரி விழுந்த இரண்டும் வரி 3: தாங்கள் நலமா?

மாத்திரை இல்லாமல் எலும்பு முறிந்தவள் எப்படி நடப்பாள்?

எழுப்பிக் கேட்டேன். சற்றுக் கடுமையாகவே. அவள் என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தாள். "ஒரு தடவை கேட்டதும் கொடுன்னு கையை நீட்டுறதா? என்னை என்னன்னு நினைப்பா? இன்னொரு வாட்டி கேப்பான்னு பாத்தேன், குறிச்சுக்கிட்டுப் போயிட்டா" என்றாள். வலியில்தான் சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

மைத்துனரே, இது உங்கள் வீட்டு வளர்ப்பு என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மூன்றாம் முறை வற்புறுத்தினாலொழிய ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கமாட்டீர்கள். நாற்பத்தேழு ஆண்டுகளாக எதையும் மும்முறை கேட்டே பழகிய எனக்கு, உலகத்தில் ஒரு முறை கேட்டுவிட்டுப் போகிறவர்களும் இருப்பார்கள் என்பது மறந்தே போயிற்று. பிழையில் பாதி என்னுடையது.

உடனே மகளைத் தொலைபேசியில் அழைத்துச் சிட்டுவிடம் கொடுத்தேன். பேசப்பேச அந்தப் பெண்ணின் கண் விரிந்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புத்தகத்தின் கடைசியில் அவள் கையாலேயே அவள் மொழியில் ஒரு வரி எழுதினாள். பக்கத்தில் தமிழை நான் எழுதினேன். வரி 113: 'நான் வேண்டாம் என்றால், இன்னும் இரு முறை கேளுங்கள்.'

அன்று மாலையே சோதனை. ஒரு விரலைக் காட்டி வரி 14ஐக் கேட்டாள். வேண்டாம். இரண்டு விரல். வேண்டாம்மா. மூன்றாவது விரலையும் நீட்டியதும் உங்கள் தங்கை, "சரி, இவ்வளவு கேக்கிறியே, உனக்காகக் கொடு" என்றாளே பார்க்கலாம்! சிட்டுவுக்குத் தமிழ் புரியவில்லை, ஆனால் கைதட்டினாள். புதன்கிழமை உங்கள் தங்கை எழுந்து நின்றாள். வியாழக்கிழமை நான்கடி. இப்போது சிட்டு அடுத்த கட்டில் மூதாட்டியிடமும் மும்முறை கேட்கிறாள். அந்த அம்மாள் வேறு மொழிக்காரர், இரண்டாம் முறையே இணங்கிவிடுகிறாராம்.

வெள்ளிக்கிழமை, மாலை 4.05. நான் சுவரோரமாக நின்று எண்ணினேன். ஆறாவது அடியில் நின்று, "ஏங்க, சத்தமா எண்ணாதீங்க, கால் பின்னுது" என்று எல்லோர் முன்னிலையிலும் அதட்டினாள். அதன் பிறகு மனத்துக்குள் எண்ணினேன். பத்தில் மருத்துவர் போதும் என்று கையசைத்தார். அவள் கேட்கவில்லை, ஜன்னல் வரை போனாள். பதினேழு. பதினெட்டாக இருக்கலாம், கடைசியில் எனக்குச் சரியாகக் கண் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

நேற்று, சனிக்கிழமை, முற்பகல் 11.30க்கு வீடு திரும்பினோம்.

இனி உங்கள் விஷயம். 2ஆம் தேதியிட்ட உங்கள் கடிதத்தில், 'எனக்கென்ன, ஒரு குறையும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வரிகள் எல்லாம் வலப்பக்கம் சரிந்து கிடக்கின்றன, கையெழுத்து நடுங்கியிருக்கிறது. நீங்களும் அதே வீட்டுப் பிள்ளைதானே. என்னைவிட நாற்பத்தொரு நாள் மூத்தவர். உங்களை வாழ்த்த எனக்கு வயதில்லை. ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன்: என்னிடமாவது உள்ளதை எழுதுங்கள். உங்கள் தங்கைக்கு இன்னும் நெடுங்காலம் அண்ணன் வேண்டும். எனக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தங்கை கணவர்

இணைப்புகள்:
1. ஜன்னலோரம் உங்கள் தங்கை நிற்கும் புகைப்படம் – 1
2. வரி 113 உள்ள பக்கத்தின் நகல் – 1
3. அதே புத்தகத்திலிருந்து, மனித உடலின் முன்பக்க, பின்பக்கப் படம் – 1. வலிக்கும் இடங்களில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பவும்.
4. சிவப்புப் பென்சில், சீவியது – 1