பனியில் எடுத்த கோடைப் படம்

இந்தியானா
ஞாயிறு மதியம், மே 1953

அன்புள்ள ஹார்லனுக்கு,

லோரீன் எழுதிக்கொள்வது. நானும் பிள்ளை ரஸ்ஸலும் சுகம். உன் சுகத்தைப் பற்றி நீ எழுதாததால், டி.பி. சானட்டோரியத்துக்கு போன் பண்ணி நர்ஸ் பீட்ரிஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாப்பாட்டுத் தட்டு போன மாதிரியே திரும்பி வருகிறது என்றாள்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அதைக் கடிதம் என்று சொல்வதா, இரண்டே வரி. ரஸ்ஸல் பக்கத்தில் நிற்க நல்ல ஆள் கிடைத்துவிட்டது, எனக்கு ஆபரேஷன் வேண்டாமென்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்திருந்தேன். பொம்மை விமானங்களைப் பெட்டியில் அடுக்கி அடுக்கித் தலைமுடியெல்லாம் மரத்தூள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து படித்தேன். அழக்கூடத் தெம்பு இல்லை. எழுந்து உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டேன்.

நடந்ததை பீட்ரிஸ் சொன்னாள். கம்பெனியின் புது கேட்டலாக்கை அவள்தான் ஆசையாக உன் வார்டுக்குக் கொண்டுவந்தாளாம், அட்டையில் உன் மகன் இருக்கிறானே என்று. பக்கத்துக் கட்டில் கஸ் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, பையன் உன் பையன், சரி. தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கிறானே, அவன் யாரு?" என்று கேட்டானாம். வார்டே சிரித்ததாம். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன்தான், இன்னும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். கஸ்ஸுக்கு வாய் நீளம், தெரிந்ததுதான். நீயுமா அவனோடு சேர்ந்துகொள்வது?

அந்த அட்டையைப் பற்றி உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டுமா? மூன்று அட்டைக்கு ரஸ்ஸலோடு நின்றவன் நீ. கோடைக்கு முன்னால் கேட்டலாக் வர வேண்டுமென்றால் கம்பெனி ஓவியர் கெஸ்லர் பிப்ரவரியிலேயே போட்டோ எடுத்தாக வேண்டும், அதைப் பார்த்துத்தான் அவர் வரைவார். நம் கொல்லைப்புறத்தில் முழங்கால் வரை பனி. அதில் அரைக்கைச் சட்டையோடு நிற்க வேண்டும். துணி காயப்போடும் கம்பியில் தூண்டில் நரம்பைக் கட்டி விமானத்தைத் தொங்கவிடுவார். பனிக்குமேல் புல்லை அவர் வரைந்துகொள்வார். நீல வானமும் அவருடைய கைச்சரக்குதான். இத்தனையும் தெரிந்த நீயே அந்தப் படத்தை நம்பினால், அதைப் பார்த்து விமானம் வாங்குகிற பிள்ளைகளை என்ன சொல்ல?

தோளில் இருக்கிற கை வெண்டலுடையது. கம்பெனியில் பார்சல் பிரிவு, நீ போன பிறகு சேர்ந்தவன். போன வருஷம் ஆளே இல்லாமல் வெறும் விமானத்தை அட்டையில் போட்டார்கள். அப்பாவும் பிள்ளையும் இருந்தால்தான் விற்கிறது என்று கடைக்காரர்கள் முணுமுணுத்தார்களாம். கெஸ்லர் வந்து கேட்டபோது நான் முடியாது என்றுதான் சொன்னேன். ரஸ்ஸல்தான் நிற்கிறேன் என்றான். ஏன்டா என்றதற்கு, "என்னத்தான் அப்பாகிட்ட உள்ள விட மாட்டேங்கறாங்க. புஸ்தகத்த விடுவாங்கல்ல?" என்றான். அதற்குமேல் நான் எப்படி வேண்டாம் என்பது?

வெண்டலைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். நல்ல மாதிரி. கேட்காமலே நம் வாசல் பனியைத் தள்ளிக் கொடுத்தான். சர்ச் விருந்துக்குச் சேர்ந்து போகலாமா என்று ஒருநாள் கேட்டான். இல்லை என்றேன். ஆசையே வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவன்மேல் இல்லை. யாரோ சமைத்து, யாரோ பரிமாறி, ஒருவேளையாவது உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தால் தேவலை என்று இருந்தது. அவ்வளவு அலுத்துப்போயிருக்கிறேன், ஹார்லன். உனக்கும் அலுத்திருக்கும், தெரியும். ஆனால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையை விரித்துவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே போவான்?

இப்போது எனக்காக ஒன்று செய். கஸ் தபால்தலை பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கு. கொடுக்காவிட்டால் பீட்ரிஸிடம் சொல். அட்டையில் ரஸ்ஸலின் வாயைப் பார். மேலே முன்பல் ஒன்று இல்லை, தெரிகிறதா?

அன்றைக்கு அவன் சிரிக்கவே இல்லை. கெஸ்லர் குட்டிக்கரணம் போடாத குறை. பாவம், வெண்டல் நாய் மாதிரி குரைத்துக்கூடக் காட்டினான். "அப்பான்னா இஞ்சின் சத்தம் போடுவாரு, விக்கி விக்கி நின்னுபோற மாதிரி. இவருக்கு அது வரல" என்று சொல்லிவிட்டு ரஸ்ஸல் மூக்கு ஒழுக நின்றான். கடைசியில் கெஸ்லர் வீட்டுக்குப் போய்ப் பழைய போட்டோவைத் தேடியெடுத்து, அந்தச் சிரிப்பை இந்த முகத்தில் வைத்து வரைந்துவிட்டார். நீ கடைசியாக நின்ற வருஷத்துப் படம் அது. அதை எடுத்த அடுத்த மாதம்தான் உன்னை அங்கே சேர்த்தோம். அந்தப் பல் எப்போதோ முளைத்துவிட்டது. முயல் பல் மாதிரி பெரிதாக நிற்கிறது. உனக்கு எப்படித் தெரியும்? வரும்போதெல்லாம் அவன் புல்வெளியில் நின்று கையாட்டுகிறான், நீ மாடியிலிருந்து கையாட்டுகிறாய். அவ்வளவு தூரத்தில் பல்லா தெரியும்?

கை வெண்டலுடையதுதான். அந்தச் சிரிப்பு உன்னைப் பார்த்துச் சிரித்தது.

டாக்டரிடமும் பேசினேன். நுரையீரலில் கெட்டுப்போன பாகத்தை எடுத்துவிட்டால் குளிர்காலத்துக்குள் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்றேன். எப்படியாவது உன்னைச் சம்மதிக்க வைக்கச் சொன்னார்.

சம்மதி, ஹார்லன். அடுத்த அட்டைக்கு யார் நிற்பது என்று கெஸ்லர் இப்போதே கேட்கிறார், பிறகு சொல்கிறேன் என்றிருக்கிறேன். உன்னைப் பனியில் நிற்கவைக்க மாட்டேன், பயப்படாதே. வெண்டலே நிற்கட்டும், குளிரில் விறைப்பது அவன் பாடு. நீ கம்பளியைப் போர்த்திக்கொண்டு சமையலறை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இஞ்சின் சத்தம் போட்டால் போதும். மிச்ச நுரையீரலுக்கு அது முடியுமாம், கேட்டுவிட்டேன்.

கடவுள் உன்னோடு இருக்கட்டும். தட்டைக் காலி செய்துவிட்டுப் பதில் எழுது.

உன்
லோரீன்