சாவி என் இடுப்பில்

வீட்டரசிக்கு,

உன் மூட்டுவலி குறைந்ததா? என் தொப்பை உட்பட இங்கே எல்லாம் சுகம்.

நாளை புயலாம், நீ பயப்படாதே. எங்கள் மளிகைக் கடையில் மெழுகுவர்த்தி, பால்பவுடர் எல்லாவற்றையும் சனம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. டீக்குச் சர்க்கரையையே எண்ணிப் போடுகிற முதலாளி, எனக்கு மட்டும் பிஸ்கட், தண்ணீர், டார்ச்லைட் என்று இனாமாகக் கொடுத்தார். பூனை விரதம் இருந்தால் எலி நம்புமா?

"என்ன முதலாளி, திடீர்னு மாப்பிள்ளை மரியாதை?" என்றேன்.

"உன் ரூம் தகரக்கூரைப்பா, ஆபத்து. நாளைக்கு ராத்திரி கடையிலயே படுத்துக்க. ஷட்டரை நான் வெளியே பூட்டிட்டுப் போறேன்."

இனாமாக ஒரு காவல்காரன்!

"உள்ளே தண்ணி ஏறினா நான் எப்படி வெளியே வர்றது?"

"எதுக்கெடுத்தாலும் சந்தேகமா உனக்கு?"

"உள்பக்கம் நானே பூட்டிக்கிறேன். சாவியைக் குடுங்க, இல்லன்னா பிஸ்கட்டை நீங்களே வச்சுக்கங்க."

முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தார். பிஸ்கட்டில் பாதி என் வயிற்றுக்குள் போய்விட்டது அவருக்குத் தெரியாது.

இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். செல்போன் கோபுரம் சாய்வதற்குள் என்னைத் திட்டி, உன் குரலில் பதிவுசெய்து அனுப்பு. நீளமாகத் திட்டு, நாளை ராத்திரி பேச்சுத்துணைக்கு வேறு ஆளில்லை.

முதலாளி சிரித்துக்கொண்டே மறுபடி வருகிறார். சாவியை அரைஞாண் கயிற்றில் இறுக்கி முடிந்துகொள்ள வேண்டும், நிறுத்துகிறேன்.

உன் வீட்டுக்காரன்