வலது காதில் வந்த குழல்

சாப்பாட்டுப் பையைத் துவைக்கலாம் என்று கவிழ்த்தபோது அந்தப் பழைய இயர்போன் விழுந்தது. பிய்ந்த இடத்தில் நீ சுற்றிய அரக்கு நிறப் பட்டு நூல் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. உன் மாமியார் வீட்டுத் தறியில் மிச்சப்பட்ட நூல் அது. இன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரத் துணி குவிந்து கிடக்கிறது, இடுப்பு கழன்று விழுகிறது. ஆனாலும் வாளியை ஓரம் தள்ளிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் வேறு வேலை ஓடாது.

பதினான்கு வருஷம் ஒரே சீட்டில் போனோம். செய்யாறு ஷூ கம்பெனிக்குப் போகிற பஸ், இடது பக்கம், நான்காவது சீட்டு. ஜன்னல் ஓரம் இல்லாவிட்டால் உனக்கு வாந்தி வரும், அதனால் அது எப்போதும் உன்னுடையது. ஒயர் குட்டையாக இருந்ததால் பக்கத்துப் பக்கத்துக் காதில் மாட்டிக்கொள்வோம். உனக்கு வலது காது, எனக்கு இடது காது. சுத்தம் பார்ப்பதில் நீயும் நானும் ஒன்று. உன் காதில் இருந்ததை நான் தொட மாட்டேன், என்னுடையதை நீ தொட மாட்டாய். மாற்றி மாட்டிப் பார்க்கலாம் என்று இரண்டு பேருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை.

பாட்டெல்லாம் நாம் பள்ளிக்கூடம் போன காலத்துப் பாட்டு. பஸ் ஸ்டாண்டு பக்கத்து செல்போன் கடையில் நாலைந்து நோட்டுப் பக்கம் நிறையப் பட்டியல் எழுதிக் கொடுத்து மெமரி கார்டில் ஏற்றி வாங்கினோம். உனக்கு ஒவ்வொரு பாட்டும் யாரோ ஒருவருடையது. இது எங்க அண்ணன் கேசட்டு, இது சித்தி கல்யாணத்துல போட்டது, இதைக் கேட்டால் அப்பா தலையாட்டுவார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவாய். படவேட்டில் உங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் பாட்டு ஓடும்போது கரண்டு போனால், பாடுகிறவர் குரல் இழுத்துக்கொண்டே போய் அடங்குமாம். அதை நீ அப்படியே பாடிக் காட்டுவாய். முன் சீட்டில் தூங்குகிறவர்கள் திரும்பி முறைப்பார்கள். ஷிப்டு முடிந்து திரும்பும்போது நம் இருவருக்கும் பேச்சே வராது, கால் இரண்டும் வீங்கியிருக்கும். அப்போதும் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த ஒரு பாட்டுக்குத்தான் சண்டை. வந்த சுவடு தெரியாமல் ஊத்திக்கொண்ட ஏதோ ஒரு படத்துப் பாட்டு. டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் யாரும் போட்டு நான் கேட்டதில்லை. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வருகிற இசையில் நீ கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் குவித்து, மெதுவாக ஊதுவாய். குழல் வருகிறது என்பாய். எனக்குத் தபலாதான் கேட்கும், அதோடு ஒரு கிடார். குழலாவது மண்ணாவது என்பேன். அடுத்த வாரம் திரும்ப அதே சண்டை. வருஷக்கணக்காக இதைப் போட்டு அரைத்தோம். சமயத்தில் நீ கோபித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாய், காதில் இருந்ததை மட்டும் கழற்ற மாட்டாய்.

கடைசியில் எனக்கு ஒரு கேலி கிடைத்தது. "உன் தலைக்குள்ள எவனோ குந்திகினு ஊதறான்டி" என்பேன். நீயும் சிரிப்பாய். பஸ்ஸில் இருந்த மற்றப் பெண்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இறங்கும்போது, ஊதறவன் நல்லா இருக்கானா என்று உன்னைக் கேட்பார்கள். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று இப்போது எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஏனென்றால் பிறகு உன் தலைக்குள் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். வேலூர் ஆஸ்பத்திரிக்கும் ஆரணிக்குமாக உன் வீட்டுக்காரர் அலைந்தார். நான் ஷிப்டு முடிந்து வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தேன், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மருந்து ஏற ஏற உன் காதில் ஏதேதோ சத்தம் கேட்கத் தொடங்கியது. யாரும் கூப்பிடாமலே, இதோ வரேன் என்று பதில் சொன்னாய். எது வெளியிலிருந்து வருகிறது, எது உள்ளேயிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்றாய். அதைவிட ஒன்று உன்னை அரித்துக்கொண்டிருந்தது என்பது, கடைசியாக வந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று இரட்டை ஷிப்டு பார்த்துவிட்டு நேராக உன் வீட்டுக்கு வந்திருந்தேன். கண் எரிந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாட்டைப் போடச் சொன்னாய்.

"அந்தக் குழலு நெஜமாவே இருக்குதா, இல்ல அப்பவே எனக்குத் தலையில எதுனா ஆரம்பிச்சிடுச்சா? என் காது சொல்றத நான் நம்பல. நீ கேட்டுச் சொல்லு."

போனை எடுத்துப் பாட்டைத் தேடி, இயர்போன் மாட்டிக் கேட்பதற்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு அந்த ஐந்து நிமிஷம் இல்லை. உன்னைச் சமாதானப்படுத்தினால் போதும், வீட்டுக்குப் போய் விழுந்துவிடலாம் என்றுதான் இருந்தது. இருக்குதுடி, நல்லாவே கேக்குது என்று சொல்லிவிட்டேன். பதினான்கு வருஷம் இல்லை என்று சாதித்தவள், ஒரு நொடியில் இருக்கிறது என்கிறேன்.

"நீ போட்டே பாக்கலியே" என்றாய்.

கோபமே இல்லை உன் குரலில். கையை மெதுவாக எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாய். எனக்கு வெட்கமாக இருந்தது, அப்போதாவது போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடுத்து உன் வீட்டுக்கு வந்தது கையில் மாலையோடுதான்.

இப்போது அந்த ஜன்னல் சீட்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உட்காருகிறாள். ஏறினதும் தூங்கிவிடுவாள். ஒரு வருஷமாக நான் பாட்டே கேட்கவில்லை. போன வாரம் என் மகள், அம்மா ஏன் பஸ்ஸில் சும்மா போறே என்று தன் புது இயர்போனைக் கொடுத்தாள். இரண்டு காதிலும் மாட்டினேன். என் வாழ்க்கையில் முதல் தடவை. எந்தப் பாட்டைப் போட்டேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது சரணத்துக்கு முன்னால் தபலா வந்தது, கிடார் வந்தது. கூடவே வலது காதில் ஒரு குழல் வந்தது. நீ ஊதினாயே, அதே ஏற்றம், அதே இறக்கம், முடிவில் நீ மூச்சு வாங்குகிற இடத்தில் அதுவும் நின்றது. வலது பக்கத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டேன், குழல் இல்லை. இடது பக்கத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டேன், குழல் மட்டும்தான் இருந்தது, தபலா இல்லை. பயந்துபோய்ப் பக்கத்துப் பெண்ணை எழுப்பி அவள் காதில் வைத்தேன். எனக்கும் உன்னைப் போல ஆகிவிட்டதோ என்று ஒரு கணம் தோன்றியது. அவள் தூக்கக் கலக்கத்தோடு கேட்டுவிட்டு, "புல்லாங்குழல்தாங்க்கா, இதுக்கா எழுப்பினீங்க" என்றாள்.

செய்யாறு வரும்வரை அழுதேன். அன்று சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் டீ போட்டுக் கொடுத்தார். அவரிடம் சொன்னேன், அந்தப் பாட்டில் குழல் இருக்கிறது, அவளுக்கு அப்போது ஒன்றுமில்லை, சரியாகத்தான் கேட்டிருக்கிறாள் என்று. அவருக்குப் புரியவில்லை. அப்படியா என்று கேட்டுவிட்டு உன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவரும் களைத்துப் போயிருக்கிறார்.

எனவே உன்னிடமே சொல்கிறேன். குழல் இருக்கிறது. உன் தலைக்குள் இல்லை, பாட்டில்தான் இருக்கிறது. இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

நாளைக்கு ஐந்தரைக்கு பஸ். ஏறியதும் வலது காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். இந்த ஒரு வாரமாக அப்படித்தான் போகிறேன். என் பக்கத்துப் பாட்டு எனக்கு மனப்பாடம். உன் பக்கத்தில் இன்னும் நூற்றுச் சொச்சம் பாட்டு நான் கேட்காமல் கிடக்கிறது.