செப்டம்பர் பக்கத்துக்கு ஒரு படம்

14.9.2025, ஞாயிறு

பூசை முடியும்போது ஃபாதர் அறிவித்தார். அடுத்த வருஷப் பங்குக் காலண்டருக்குப் பன்னிரண்டு படம் வேண்டுமாம், அக்டோபர் 26-க்குள். செப்டம்பர், மாதா பிறந்த மாதம். அந்தப் பக்கத்துக்கு எப்போதும் பெசன்ட் நகர் மாதா கோயில்தான். ஒன்பது வருஷமாக அதை எடுப்பவர் என் கொழுந்தன் அல்போன்ஸ்.

வெளியே வந்ததும், "இந்தத் தடவை செப்டம்பர் என்னுது" என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் முன்னால்.

"அண்ணி, இது தையல் மிஷின் இல்ல, காமிரா" என்றார்.

என்னிடம் காமிரா ஏது? போன்தான். சொன்னது சொன்னதுதான்.

20.9.2025, சனி

எலியட்ஸ் பீச்சில் காலை ஆறு மணிக்குப் படம் எடுக்கும் வகுப்பு. சொல்லிக்கொடுப்பவள் உம்மே ஹானி, என் பேத்தி ஷெரிலுக்குக் காலேஜில் சீனியர். பதினோரு பேர். வயசில் நான்தான் முதல்.

மற்றவர்கள் படத்தில் கடல் ஒரு பக்கமாக வழிந்துவிடும் போலிருந்தது. முப்பது வருஷம் பாவாடைக்கு அடி மடித்துத் தைத்தவள் நான், கோணல் என் கண்ணுக்குத் தப்புமா? என் கடல் மட்டமாக நின்றது. "சூப்பர் ஆன்ட்டி!" என்று ஹானி என் போனை எல்லோருக்கும் காட்டினாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு ஒரு வகுப்பில் முதல் மார்க்!

21.9.2025

வெயில் ஏறினால் வானம் சாயம் போன துணி. இனிமேல் ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும்.

27.9.2025, சனி

இன்று டீச்சரோடு வாக்குவாதம்.

போனில் மூன்றுக்கு மூன்று கட்டம் வரவைத்தாள். முக்கியமானதை நடுக்கட்டத்தில் வைக்காமல், ஒரு கோட்டின் மேல் தள்ளி வைக்க வேண்டுமாம். நான் மாதா கோயில் கோபுரத்தை நட்டநடுவில் வைத்திருந்தேன்.

"கொஞ்சம் வலது பக்கம் தள்ளுங்க ஆன்ட்டி."

"மாதாவை ஓரமா நிக்க வைக்கறதா? எந்தப் பீடத்துலம்மா அப்படி வைப்பாங்க?"

"நடுவுல வெச்சா கோபுரம் மட்டும்தான் இருக்கு. முன்னாடி இவ்ளோ பெரிய பீச் இருக்குன்னே தெரியல."

தள்ளவில்லை. நாற்பது படம் எடுத்தேன். நாற்பதிலும் மாதா நடுவில்.

சாயந்தரம் அல்போன்ஸ் வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு அண்ணி. என் படம் மாதிரியே இருக்கு."

இது பாராட்டா? அவர் படம் மாதிரியே இருந்தால் ஃபாதர் எதுக்கு என்னுதை எடுக்கணும்? அவருதையே போட்டுட்டுப் போவாரே! நாலு பேர் முன்னால வாய விட்டுட்டேனே.

2.10.2025

ஜெபமாலை மாதம் தொடங்கிவிட்டது. எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தோம். எங்கள் வீட்டு மாதா சுரூபம் ஹால் மூலையில், பலகை மேல் இருக்கிறது. நாற்பது வருஷமாக மூலையில்தான்! பாய், நாற்காலி, நாங்கள் ஐந்து பேர் — எல்லாம் அந்த மூலையைப் பார்த்துத் திரும்பியிருக்கிறோம். முன்னால் வெறும் தரை. அந்தத் தரையில்தானே முட்டி போடுகிறோம்?

மூன்றாவது பத்து மணியில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். "பாட்டி, பதினொண்ணு போயிட்ட!" என்றாள் ஷெரில்.

4.10.2025, சனி

கோபுரத்தை வலது கோட்டின் மேல் வைத்தேன். முதுகுப் பக்கம் கடல், சூரியன். கோபுரம் முழுக்க வெளிச்சம். ஆனால் இடது பக்கம் மணல் வெறிச்சென்று கிடந்தது. கரையேற்றிய படகு ஒன்றின் கயிறு வேறு குறுக்கே அசிங்கமாகத் தெரிந்தது. மேட்டில் ஒரு முளையில் கட்டியிருந்தார்கள். இழுத்து ஒதுக்கப் போனேன்.

"இன்னா யக்கா பண்ற? கயித்துல கை வெக்காத!" படகுக்காரர் புகழேந்தி கத்திக்கொண்டே வந்தார்.

"படத்துல வருதுப்பா."

"வந்துட்டுப் போவட்டும். மாதாவுக்கு எங்க கயிறு ஆவாதா?"

வெட்கமாகப் போய்விட்டது. அப்படியே படகுப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் பார்க்கிறேன் — அந்தக் கயிறு என் காலடியில் தொடங்கி நேராகக் கோபுரத்துக்கே போகிறது! கண் தானாக அதன் பின்னால் நடந்து போனது. எடுத்தேன். ஏழே படம்.

எழுந்திருக்கத்தான் முடியவில்லை. "எய்ந்திரு யக்கா" என்று புகழேந்திதான் கை கொடுத்தார். ஹானி படத்தைப் பார்த்தாள். போனை வாங்கி இன்னொரு தரம் பார்த்தாள்.

18.10.2025

மழை. அல்போன்ஸ் இன்னும் எடுக்கவில்லையாம். நான் எடுத்தாயிற்று.

26.10.2025, ஞாயிறு

பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டேன். அல்போன்ஸும் கொடுத்தார், போன வருஷம் எடுத்து வைத்திருந்ததை.

"மாதா கோயில் ஓரமா இருக்கே வெரோனிகாம்மா" என்றார் ஃபாதர்.

"முன்னால வந்து முட்டி போட எடம் விட்டிருக்கேன் ஃபாதர்."

படத்தை உறையில் போட்டுக்கொண்டார். ஏண்டி வெரோனிகா, கொஞ்சம் வாயை மூடிட்டு இருக்கக் கூடாதா? — இல்லை. சரியாகத்தான் சொன்னேன்.

3.1.2026, சனி

காலை ஐந்தரைக்கே அல்போன்ஸ் வாசலில் நின்றார். தோளில் பெரிய காமிரா. கையில் புதுக் காலண்டர், செப்டம்பர் பக்கம் திறந்தபடி. என் பெயர் மேல் அவர் கட்டைவிரல். அவர் படம் மார்ச்சுக்குப் போயிருக்கிறது.

"அண்ணி, இத எங்க உக்காந்து எடுத்தீங்க?"

கூட்டிக்கொண்டு போனேன். அதே படகு, அதே கயிறு. பேன்ட் ஈரமாகுமே என்றார். ஆகட்டும், உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். எடுத்ததைக் காட்டினார்.

கோபுரம் சரியான இடத்தில்தான் இருந்தது. ஆனால் சாய்ந்திருந்தது. சொல்லலாமா, வேண்டாமா?

சொல்லிவிட்டேன்.