தோராமாருவின் நிறம்

அன்பு மகள் ஷியோரிக்கு,

டோக்கியோவில் மழைக்காலம் தொடங்கிவிட்டது, துவைத்த துணி காய்வதில்லை என்பதைத் தவிர எனக்கும் அப்பாவுக்கும் ஒரு குறையுமில்லை. சாந்தியாகோவில் இப்போது குளிராக இருக்கும், நீ சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படியில் மட்டும் முனகுகிறார். நீ காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுகிறாயாமே, அது வேண்டாம், ஒரு முட்டையாவது வேகவைத்துத் தின்றுவிட்டுப் போ.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் தோராமாரு. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தொலைக்காட்சியில் வந்த அந்த ராட்சத இயந்திர வீரனின் கார்ட்டூன் தொடர்தான், உன் அலுவலகத்து சிலி நாட்டுக்காரர்கள்கூட அதன் பாட்டை ஸ்பானிஷில் பாடுவதாகச் சொன்னாயே. படச்சுருள்கள் சிவப்பேறி வெளுத்துப்போயிருந்தன, அவற்றின் பழைய நிறத்தை மீட்பது எங்கள் நிறுவனத்தில் என் பொறுப்பு. முதல் மூன்று பகுதிகளில் வீரனை நல்ல நீலமாக்கி அனுப்பிவிட்டேன். யோசிக்கவே இல்லை. ஆறு வயதில் நான் வைத்து விளையாடிய பொம்மை நீலம், எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளின் பொம்மையும் நீலம். நான்காம் பகுதியில் ஓர் இரவுச் சண்டை வருகிறது. நீல வீரன் நீல வானத்தில் கரைந்துபோனான், கண்கள் இரண்டும்தான் தெரிந்தன. அவ்வளவு கவனமாக வரைந்தவர்கள் இப்படியா விட்டிருப்பார்கள் என்று மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தக் காலத்தில் கார்ட்டூனின் ஒவ்வொரு அசைவையும் ஒரு கண்ணாடித்தாளில் வரைந்துதான் படம்பிடிப்பார்கள், அந்தத் தாள்களுக்கு வீட்டிலிருந்தே வண்ணம் பூசிக்கொடுத்த பெண்களில் ஒருவர் முராகோஷி அம்மாள். அவரை நெரிமாவில் தேடிப் பிடித்தேன். வயது எழுபத்தாறு, வாய்க்கு மட்டும் இருபது. நீலம் என்றதும் சிரித்துவிட்டார். "பொம்மைக் கம்பெனிக்காரன் நீலம் அடிச்சா நாங்க என்னம்மா பண்றது? நாங்க பூசினது சாம்பல் பச்சை. ராத்திரி வானத்துல நீலத்தைக் கொண்டு நிறுத்தினா எவன் கண்ணுக்குத் தெரியும்?" என்றார். ஒளிபரப்பு முடிந்ததும் அந்தத் தாள்களைக் குப்பையில் போடுவதுதான் அன்றைய வழக்கம், இவர் சிலவற்றை எடுத்துவந்து கிமோனோ வைக்கும் இழுப்பறையின் அடியில் விரித்துவைத்திருக்கிறார். இத்தனை ஆண்டுகளாக வெளிச்சமே படாத இடம். உருவி எடுத்தபோது அந்தச் சாம்பல் பச்சை நேற்றுப் பூசியதுபோல் இருந்தது.

பச்சைக்கு மாற்ற வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னதற்கு, வெளியீட்டுக் குழுவின் தலைவர் செகாவா ஒப்புக்கொள்ளவில்லை. "பொம்மையோட நீலத்தைப் பாத்து ஒரு தலைமுறையே வளர்ந்திருக்கு, ஹிராய்-சான். பச்சையா வந்தா நீங்க கெடுத்துட்டீங்கன்னுதான் சொல்வாங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் தங்கள் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கூட்டங்களில் யாரும் பேசவில்லை என்றால் முடிவாகிவிட்டது என்று பொருள், இருபது வருடங்களாக நானும் அப்படிப் பேசாமல் இருந்தே தலையாட்டியிருக்கிறேன். அன்று முராகோஷி அம்மாளிடம் வாங்கிவந்த தாளை மேசை நடுவில் வைத்தேன். மூன்று பகுதிகளில் நீலம் போட்டது என் தவறு, அவற்றை ஐந்து வாரத்தில் நானே திருத்தித் தருகிறேன், நீலம்தான் வேண்டுமென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். செகாவா தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சரி, ஆனால் திட்டு விழுந்தால் அதை வாங்கிக்கொள்வது நீங்கள்தான் என்றார்.

திருத்திய பகுதிகளைப் போன ஞாயிறு மதியம் ஓர் அரங்கில் திரையிட்டார்கள். எண்ணூறு பேர், பாதிப்பேர் என் வயதுக்காரர்கள். முதல் காட்சியிலேயே முணுமுணுப்பு எழுந்தது. பிறகு அந்த இரவுச் சண்டை வந்தது. கருநீல வானத்தின் முன்னால் தோராமாரு தலை முதல் கால்வரை, ஒவ்வொரு ஆணியும் தெரிய, மலைபோல எழுந்து நின்றான். பின்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்க, எண்ணூறு பேரும் தட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முராகோஷி அம்மாள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "அந்தத் தோள்பட்டையைப் பாரு, அது நான் பூசினது" என்றார். வாசலில் செகாவா எங்கள் இருவர் முன்னும் இடுப்புவரை குனிந்து வணங்கி, அடுத்த மாதம் வரும் புதுப் பொம்மைக்கும் நீலத்தை நிறுத்தச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அம்மாள் அசரவில்லை. "இந்தத் தடவையாவது படத்தைப் பாத்துட்டுப் பூசச் சொல்லுங்க" என்றார்.

நல்ல உடம்போடும் நல்ல மனிதர்களோடும் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும், மகளே. பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று மறக்காமல் பார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா யூகாரி