எரிந்தால் விரலைத் தூக்குங்கள்

பொருநைக் கலம். பயண நாள் 2911. காலை 08:10

எழுதுபவர்: ஆவுடைச்செல்வி, முகச் சிகிச்சையாளர். விழித்திருப்பவர்கள்: நானும் என் வீட்டுக்காரர் சங்கரபாண்டியும். மற்றவர்கள் உறக்கப் பெட்டிகளில். கலம் நலம்.

இதைக் கண்டெடுப்பவர்களே, விண்கலத்தில் பியூட்டி பார்லர்காரிக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். பாளையங்கோட்டையில் எல்லோரும் கேட்டாகிவிட்டது. எட்டு வருடம் உறங்கி எழுந்தால் முகத்தோல் தொய்ந்துவிடும், மேலே செத்த தோல் ஏடு கட்டிவிடும். இந்தக் கலமோ முகம் பார்த்துத்தான் கதவைத் திறக்கும். பச்சைப் பப்பாளிப் பாலில் உள்ள என்சைம் செத்த தோலைக் கரைக்கும். அதைத் துடைத்துவிட்டு, பப்பாளியும் கற்றாழைச் சோறும் அரைத்துப் பூசுவேன். பூச்சு கண்ணாடி மாதிரி காய்ந்து தோலை இழுத்துப் பிடிக்கும். காய இருபது நிமிடம். அதுவரை பேச்சு, சிரிப்பு எதுவும் கூடாது, பூச்சு வெடித்துவிடும்.

என் முகத்தைக் கலம் ஏற்றுக்கொண்டது. இவர் முகத்தை இன்னும் இல்லை. என் முதுகில் ஒட்டிக்கொண்டுதான் கதவு தாண்டுகிறார். இன்றும் பூச்சு போட்டதும் தென்காசி பஸ் கண்டக்டர் கதையை ஆரம்பித்துவிட்டார். மூன்று இடத்தில் வெடிப்பு. போட்ட பூச்சு வீண். இந்த மனுஷனுக்கு வாயா, வாய்க்காலா தெரியவில்லை.

நாள் 2912. 10:40

பப்பாளி தீர்ந்தது. பறித்து வருகிறேன் என்று தோட்ட அறைக்குப் போனார். கதவைத் திறந்துவிட்டது நான்தான்.

10:55

கலம் குலுங்கியது. கல் ஏதோ மோதி, தோட்ட அறைச் சுவரில் ஓட்டை. காற்று கசிகிறது. கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. ஓட்டை விழுந்த அறைக்குள் பதிவான முகம் தெரிந்தால்தான் கலம் கதவைத் திறக்கும்; வெளியே நிற்கும் என் முகம் செல்லாது. தெரியாவிட்டால் உள்ளே ஆளே இல்லை என்று அதற்குக் கணக்கு.

தோட்டத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கும் இடைக்கூடத்தில் நிற்கிறேன். இருபக்கக் கதவும் பூட்டு. தோட்டக் கதவைச் சுத்தியலால் அடித்தேன். ஒரு கீறல்கூட விழவில்லை. அவரை என்னால் பார்க்க முடியவில்லை. வயர்லெஸ் மட்டும் வேலை செய்கிறது.

அவர்: “ஏளா, கதவு என்னைத் தெரியலங்குது. எனக்கே என்னைத் தெரியல, அது பாவம் என்ன செய்யும்?”

நான்: “இப்பமும் வெளாட்டா? பப்பாளி இருக்கு, கத்தாழ இருக்கு. நான் சொல்லுதபடி செய்யுங்க.”

11:15

பால் தடவித் துடைத்துவிட்டார். கிண்ணத்தில் அரைத்துப் பூசியும்விட்டார். காற்று போகும் சத்தம் வயர்லெஸ்ஸில் கேட்கிறது. காய்வதற்குள் காற்று தீர்ந்துவிடக் கூடாது, காந்திமதி அம்மனே.

நான்: “கேமராவ நேராப் பாத்து உக்காருங்க. நான் சொல்லுத வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. எரிஞ்சா விரலத் தூக்குங்க.”

அவர்: “சரி தாயி. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிக்கிடுதேன்...”

நான்: “எல்லாம் பொறவு. பேசாதிய.”

11:24

கலம்: “முகம் ஒப்பவில்லை. மீண்டும் பார்க்கிறேன்.”

ஒரு சத்தமும் இல்லை. சமர்த்தாக இருக்கிறார். பயம் தெரியாமல் இருக்க நான்தான் பேசிக்கொண்டே இருக்கிறேன். உள்ளே வந்ததும் சொதி வைத்துத் தருகிறேன் என்றேன். அந்தக் கண்டக்டர் கதையை நானே சொல்லி, சிரிச்சிராதிய என்று மிரட்டினேன்.

11:31

நான்: “கல்யாணமான நாள்ல இருந்து இன்னைக்குத்தான் என் பேச்சக் கேக்கிய. இப்படியே இருங்க. கொஞ்ச நேரந்தான்.”

11:36

கலம்: “முகம் ஒப்பியது. வருக, சங்கரபாண்டி.”

திறந்துவிட்டது! திறந்துவிட்டது!

12:20

இழுத்து வந்து இடைக்கூடத்தில் கிடத்தியிருக்கிறேன். தோட்டக் கதவு பூட்டிக்கொண்டது. நெஞ்சை அழுத்திப் பார்த்தேன். வாயில் ஊதிப் பார்த்தேன். கை ஓய்ந்துவிட்டது.

முகத்தில் பூச்சு ஒரு வெடிப்பில்லாமல் காய்ந்திருக்கிறது.

12:45

முகம் ஒப்பிய பிறகுதான் கலம் கேமராவில் பதிந்த படத்தைக் கதவுத் திரையில் காட்டும். இப்போது பார்த்தேன்.

11:22. மூச்சு முட்டி விரலைத் தூக்குகிறார். கொஞ்ச நேரம் வைத்திருந்து இறக்குகிறார். மறுபடியும் தூக்குகிறார். நான் அப்போது சொதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை தூக்கும்போது மற்றக் கையால் தாங்கிக்கொள்கிறார். வாய் திறக்கவில்லை. அப்புறம் கை விழுகிறது. முகத்தில் இருந்த இழுப்பெல்லாம் அடங்குகிறது. அந்த முகம்தான் கலத்துக்கு ஒப்பியது.

எரிந்தால் விரலைத் தூக்குங்கள். பார்லருக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வது. வாய்ப்பழக்கத்தில் வந்துவிட்டது. அங்கே நான் பக்கத்தில் நிற்பேன். இங்கே எந்தக் கண்ணால் பார்ப்பேன் என்று நினைத்தேன்? தரையில் தட்டச் சொல்லியிருக்கலாமே. பாவி, ஒரு தட்டு தட்டச் சொல்லியிருக்கலாமே!

ஒண்ணே ஒண்ணு என்றாரே. அது என்ன?

13:30

தோட்டக் கதவு திறந்திருந்த நேரத்தில் இங்கிருந்த காற்று பாதி போய்விட்டது. உள்ளறைக் கதவின் முன்னால் நின்றேன்.

கலம்: “முகம் ஒப்பவில்லை.”

அழுது அழுது முகம் வீங்கியிருக்கிறது.

அவரை இழுத்து வரும்போது அவர் மடியில் இருந்த கிண்ணத்தையும் எடுத்து வந்திருந்தேன். மிச்சம் இருந்ததைப் பூசிக்கொண்டேன். கண்ணீர் பட்டால் பூச்சு இளகிவிடும்.

13:41

கலம்: “முகம் ஒப்பவில்லை. மீண்டும் பார்க்கிறேன்.”

இளகிவிட்டது. வழித்து மறுபடி பூசினேன். அழக் கூடாது. மூச்சு வாங்குகிறது. உள்ளே உறங்குகிறவர்கள் எழுந்தால் முகத்துக்கு யார் இருக்கிறார்கள்? அழக் கூடாது.

13:5

முடியல. எரியுதுங்க.

விரலத் தூக்கியிருக்கேன். நீங்களாவது பாருங்க. நான் பேசல. நீங்க சொல்ல வந்ததச் சொல்லுங்க, நான் குறுக்க பேசவே