உறுமாத வண்டியும் உறங்காத வாண்டும்

மார்ச் 4, செவ்வாய்

புது வண்டி வந்துவிட்டது. மின்சாரக் கார்! சாவியை வாங்கும்போது என் முகத்தைப் பார்த்து இவர், "கல்யாணத்தன்னிக்குக்கூட நீ இப்படிச் சிரிக்கல" என்றார். அன்றைக்கு எனக்கு யார் சாவி கொடுத்தார்கள்?

ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க இழுப்புக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் நான். நெஞ்சு ஏறி இறங்க வந்து நிற்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த ஆசை. ஊர்ப் புகையை நிறுத்த முடியாது, நம் வீட்டுப் புகையையாவது நிறுத்தலாம். பழைய பெட்ரோல் காரை ஞாயிற்றுக்கிழமை வண்டி உடைக்கிற இடத்தில் விடப்போகிறோம். விற்றால் இன்னொருவர் புகை விடுவார், உடைத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதும் நான்தான்.

மார்ச் 5, புதன்

வாண்டு தூங்கவில்லை.

மகளுக்கு ஒன்றரை வயது. பிறந்ததிலிருந்து மதியத் தூக்கம் காரில்தான். பின் சீட்டில் கட்டி உட்காரவைத்து ஒரு சுற்றுப் போனால் கண் சொருகிவிடும். இன்று புது வண்டியில் கடைத்தெரு, பள்ளிக்கூடத் தெரு, மறுபடி கடைத்தெரு. கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு போகிற நாய்க்கெல்லாம் டாட்டா காட்டுகிறாள். வீட்டுக்கு வந்ததும் தூக்கம் கெட்ட ஆத்திரத்தில் ஒரே அழுகை. சாயங்காலம் வரைக்கும்.

மார்ச் 6, வியாழன்

இன்றும் இல்லை. பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டு வந்த இவர் சாவகாசமாகக் கண்டுபிடித்தார். "பழைய வண்டி டுர்ர்னு உறுமிட்டே போகும்ல, அதுதான் அவளுக்குத் தாலாட்டு. இது பூனை மாதிரில போகுது."

இன்ஜின் சத்தத்தை செல்போனில் பதிவு செய்து போட்டுப் பார்த்தோம். செல்போனைக் கொடு என்று அதற்கும் அழுதாள்.

மார்ச் 7, வெள்ளி

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

காலை டியூட்டி முடித்து வந்தபோது எனக்குக் கால் துவண்டுவிட்டது. அவளோ அழுது அழுது சிவந்து போயிருந்தாள். பழைய காரில் தூக்கிப் போட்டேன். ஓட்டத் தெம்பில்லை. வாசலில் நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்தேன். அவ்வளவுதான், அடித்துப் போட்டாற்போலத் தூங்கிவிட்டாள். நானும் கண்ணை மூடினேன்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். கீழ்வீட்டு வயலின் வாத்தியார். போன மாதம் அவர் ஸ்கூட்டரை ஓடவிட்டு போன் பேசிக்கொண்டிருந்தபோது நான் அவருக்குப் பாடம் எடுத்தேன். மனுஷன் அதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னார்: "நின்ன வண்டி எங்கயும் போகாதுங்க, புகை மட்டும்தான் போகும்."

பிறகு தூங்குகிற குழந்தையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுமில்லம்மா, புகை ஜன்னல் வழியா உள்ள வருது. பாடம் படிக்கிற பிள்ளைங்க இருமுதுங்க."

இருமுதுங்க. என்னிடம் போய் அந்த வார்த்தையைச் சொன்னாரே. கூனிக் குறுகிப் போனேன்.

மார்ச் 8, சனி

"பழைய வண்டி இருந்துட்டுப் போகட்டுமே, மதியத்துக்கு மட்டும்?" என்று கேட்டேன். ஆமாம், நான்தான் கேட்டேன். இவர், "உன் இஷ்டம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 9, ஞாயிறு

பழைய வண்டியை உடைக்கிற இடத்தில் விட்டுவிட்டு வந்தோம். ராத்திரியெல்லாம் அந்தப் பிள்ளைகளின் இருமல்தான் காதில். தூங்காவிட்டால் போகிறது, இன்னும் எத்தனை நாள் அழுவாள்?

திரும்பும்போது புது வண்டியை நான் ஓட்டினேன். பின்னால் வாண்டு வீறிட்டு அழுகிறாள். பக்கத்தில் இவர் பிஸ்கட்டை நீட்டுகிறார், துப்புகிறாள். எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. என்ன தோன்றியதோ, வாயாலேயே உறுமினேன். டுர்ர்ர்ர்.

அழுகை நின்றது.

நான் நிறுத்தினால் அவள் ஆரம்பிக்கிறாள். சரி என்று உறுமிக்கொண்டே போனேன். சிக்னலில் பக்கத்து பைக்கில் இருந்தவர் குனிந்து என் வண்டிக்கு அடியில் பார்த்தார். இவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "மேடு வருது, கியரைக் குறை" என்றார். வாயாலேயே குறைத்தேன். பாலம் ஏறி இறங்குவதற்குள் தூங்கிவிட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

மார்ச் 13, வியாழன்

உதடு மரத்துவிட்டது. கவுண்டரில் "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று சொல்வதற்குள் நாக்கு குழறுகிறது. வாத்தியார் இவரை நிறுத்தி, "உங்க புது வண்டி சத்தமே போடாதுன்னீங்க, ஏதோ கோளாறு போலிருக்கே" என்று விசாரித்தாராம்.

"வண்டி நல்லாத்தான் சார் இருக்கு. ஓட்டுறவளுக்குத்தான் கோளாறு."

இருக்கட்டும், கவனித்துக்கொள்கிறேன்.

மார்ச் 22, சனி

வாத்தியார் வீட்டு ஜன்னல் இப்போதெல்லாம் திறந்தே இருக்கிறது. வயலின் கற்கிற பிள்ளைகள் கர்ண கொடூரமாக வாசிக்கிறார்கள். இருமல் இல்லை.

மார்ச் 29, சனி

ராத்திரி டியூட்டி. காலையில் இருவரும் காரோடு வந்து என்னை அழைத்துக்கொண்டார்கள். வாண்டு பக்கத்தில் பின் சீட்டில் சாய்ந்தேன். கண் எரிகிறது, ஆனால் தூக்கம் பிடிக்கவில்லை. மருந்து கொண்டுபோன வார்டில் ஒரு பையனுக்கு விடிகிற வரைக்கும் இழுப்பு. இப்போது தேவலை. ஆனாலும் அவன் முகமே கண்ணுக்குள் நின்றது.

என் கையை ஒரு குட்டிக் கை தட்டிக்கொடுத்தது. பிறகு எச்சில் தெறிக்க, மெல்ல ஒரு சத்தம்.

டுர்ர்ர்.

அதற்கப்புறம் இவர் குரல்தான் கேட்டது. "எழுந்திரு, வீடு வந்தாச்சு. பாலத்துலயே நீ தூங்கிட்ட. உன் பொண்ணு இன்னும் நிறுத்தல."